ஆறிய சோற்றின் பெயர்

2024 டிசம்பரில் ஒரு நாள், மதிய இடைவேளையில் துறை அறைக்கு வந்த மாணவி ஒருத்தி கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். முதுகலைத் தமிழ் படிப்பவள். ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கியிருக்கிறாள். விடுதிப் பெண்கள் எல்லோரையும் போல இவளும் கொரியத் தொடர் பார்ப்பவள்.

திரையில் ஒரு பெண் பெரிய உலோகக் கிண்ணத்திலிருந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சாற்றில் பனிக்கட்டித் துண்டுகள் மிதந்தன. மேலே பாதி முட்டை, வெள்ளரிக்காய்.

"அம்மா, பாருங்க. ஐஸ் போட்டுச் சாப்புடறாங்க. நம்ம கூழு மாதிரியே இருக்குல்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கீழ எழுத்துல குளிர்ந்த நூடுல்ஸ்னு போடறாங்க. அதான் அதுக்குப் பேராம். நம்மளுது மட்டும் ஏம்மா பழையது?"

இருபது வருடமாகச் சொல்லுக்குப் பொருள் சொல்லிப் பிழைப்பவள் நான். உடனே ஒரு பதிலும் வரவில்லை. மணி அடித்தது, அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தக் கேள்வி ஒரு ஆளிடம் கொண்டுபோய் விட்டது. எழுபத்தோரு வயதில் என் வீட்டில் இருக்கும் அம்மாவிடம். நாற்பது ஆண்டுகளாக அவள் காலையில் சாப்பிடுவது பழையதுதான். அதற்காக நான் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த உணவின் பெயர் நேங்மியோன். நேங் என்றால் குளிர்ந்தது, மியோன் என்றால் மாவிழை. வடகொரியாவில் ரேங்மியோன் என்கிறார்கள். பெயரில் வேறு ஒளிவுமறைவு இல்லை. குளிர்ந்திருக்கிறது, அதனால் அப்படிப் பெயர்.

கொரியத் தீபகற்பத்தின் வடபகுதி மலைப்பாங்கானது, குளிர் மிகுந்தது. நெல்லுக்கு ஏற்ற மண் குறைவு. அங்கே விளைந்தது பக்வீட். பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை அல்ல, புல்லினத்துத் தானியமே அல்ல. வட இந்தியர்கள் நவராத்திரி நோன்பில் 'குட்டு' என்று சொல்லிச் சாப்பிடுவது இதைத்தான். மோசமான மண்ணிலும் குறைந்த நாளில் விளைந்துவிடும். நம் மலைகளில் சாமைக்கு என்ன இடமோ அதே இடம். இந்த மாவில் பசைத்தன்மை குறைவு, கோதுமை மாவைப் போல இழுத்து நீட்ட வராது. ஆகவே மரத்தாலான அச்சில் வைத்து நெம்புகோலால் அழுத்தி, கொதிக்கும் நீரில் நேராகப் பிழிவார்கள். நம் இடியாப்பத்துக்கும் சேவைக்கும் செய்வதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிம் ஜுன்-குன் என்ற ஓவியர் இந்த வேலையை வரைந்திருக்கிறார். ஓர் ஆள் தன் உடம்பின் பாரம் முழுவதையும் நெம்புகோலின் மேல் போட்டு அழுத்துகிறான்.

இன்று கோடை உணவாகத் தெரியும் நேங்மியோன் முதலில் குளிர்கால உணவு. 1849இல் ஹாங் சோக்-மோ எழுதிய 'தொங்குக் செசிகி' என்ற நூல் ஆண்டு முழுவதற்குமான வழக்கங்களை மாதவாரியாகச் சொல்வது. அதில் நேங்மியோன் பதினோராம் மாதத்து உணவாக வருகிறது. இலையுதிர்காலத்தில் பக்வீட் அறுவடையாகும். அதே நாட்களில் முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைத்துச் சாடியில் இட்டு மண்ணில் புதைப்பார்கள். 'தொங்சிமி' என்று பெயர். குளிர் இறுகும்போது அந்தப் புளித்த நீர் மேலாக உறைந்திருக்கும். அதை மொண்டு, வெந்த இழைகளின் மேல் ஊற்றினால் நேங்மியோன். பின்னாளில் மாட்டிறைச்சியோ காட்டுக்கோழியோ வேகவைத்த சாறும் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனிக்கட்டி ஆலைகள் வந்த பிறகு கோடையிலும் விற்க முடிந்தது.

தொங்சிமியைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூழ்ப்பானைதான் கண்முன் வந்தது. கேவுரு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விடுவோம். மறுநாள் நொய் வெந்துகொண்டிருக்கும்போது கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும். இறக்கி இரவு முழுக்க அப்படியே மூடி வைத்தால் காலையில் கெட்டிப்பட்டிருக்கும். அதில் ஒரு உருண்டை எடுத்து உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், இருந்தால் சுட்ட கருவாடு. அங்கே உப்புநீரில் முள்ளங்கியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் உறவினர்கள்தான் இங்கே மாவைப் புளிக்கவைக்கின்றன. அங்கே குளிர் வெளியிலிருந்து வருகிறது, இங்கே வெளியில் இருக்கும் வெயிலுக்கு எதிராகப் பானைக்குள் குளிர்ச்சியைச் சேர்த்து வைக்கிறோம்.

மாணவி சொன்னது சரி. இரண்டும் ஒன்று போலத்தான்.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. ஹம்ஹங் வடகொரியாவின் கிழக்குப் பக்கத்து நகரம். அங்கே உருளைக்கிழங்கு மாவில் இழை பிழிந்து, காரமான மீனோடு பிசைந்து சாப்பிட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வெறும் 'மாவு நூடுல்ஸ்' என்பதுதான். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வடக்கிலிருந்து தெற்குக்கு அகதிகளாக வந்தவர்கள் பிழைப்புக்கு நூடுல்ஸ் கடை போட்டார்கள். பியோங்யாங் நேங்மியோன் என்ற பெயர் ஏற்கெனவே எடுபட்டிருந்தது. அதற்கு எதிரில் நிற்க இவர்கள் 'ஹம்ஹங் நேங்மியோன்' என்று பெயர் வைத்தார்கள். திரும்பிப் போக முடியாத ஊரின் பெயர் கடைப்பலகையில் ஏறியது. புசான் துறைமுகத்தில் ஒதுங்கியவர்களுக்குப் பக்வீட் கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதில் பிழிந்தார்கள். அது 'மில்மியோன்', கோதுமை நூடுல்ஸ், என்று தனி உணவாகிவிட்டது.

2018 ஏப்ரல் 27 அன்று இரு கொரியத் தலைவர்களும் எல்லையில் சந்தித்தபோது வடகொரியத் தலைவர் விருந்துக்குக் கொண்டுவந்தது பியோங்யாங் நேங்மியோன். அன்று சியோலில் நேங்மியோன் கடைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆறிய உணவு ஒன்று இப்படி ஒரு தேசத்தின் முகமாகியிருக்கிறது.

நம்முடையதற்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பழையது, பழஞ்சோறு, நீச்சத்தண்ணி, கஞ்சி, கூழ். நாகரிகமாகச் சொல்ல வேண்டும் என்றால் நீராகாரம். நகரத்துப் பிள்ளைகள் கேலியாக ஐஸ் பிரியாணி என்கிறார்கள். ஒரு பெயர் காலத்தைச் சொல்கிறது, ஒன்று தண்ணீரைச் சொல்கிறது, ஒன்று வெட்கத்தைச் சிரிப்பால் மூடுகிறது. குளிர்ச்சியைச் சொல்கிற பெயர் ஒன்றுகூட இல்லை. சாப்பிடும்போது வயிற்றில் இறங்கும் அந்தக் குளிர்ச்சிதான் அதன் சுவை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் 'நேற்றைய மிச்சம்' என்பதுதான் பெயராக நின்றிருக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தின் முதல் குறள் அரசனுக்கு வேண்டிய ஆறு உறுப்புகளை அடுக்குகிறது. அதில் ஒன்று கூழ். அங்கே கூழ் என்றால் பொருள் வளம், நாட்டின் உணவுச் செல்வம். மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தை கைவிட்டு அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிக்கிறது. அங்கே கூழ் என்றால் உணவு, அவ்வளவுதான். எந்த நூற்றாண்டில் என்று சொல்ல முடியாதபடி, செல்வத்தைக் குறித்த சொல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஏழை வீட்டுப் பானையில் வந்து நின்றுவிட்டது. இப்போது ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும்போது மட்டும் கூழுக்குக் கொஞ்சம் மரியாதை.

ஆனால் ஆறிய சோற்றுக்கு இன்னொரு பழைய வரலாறும் உண்டு. அது புறநானூற்றின் 246ஆம் பாட்டில் இருக்கிறது.

பூதப்பாண்டியன் இறந்துவிடுகிறான். அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களிடம் அவள் பேசுவதுதான் பாட்டு. உயிரோடு இருந்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நெய் படாமல், தண்ணீரிலிருந்து கையால் பிழிந்து எடுத்து இலையில் வைத்த சோற்றுத் திரள். அதோடு வெள்ளை எள் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக் கல் பரப்பிய தரை. இப்படி வாழ்கிறவள் நான் இல்லை என்கிறாள். தாமரைக் குளமும் ஈமத் தீயும் எனக்கு ஒன்றுதான் என்று முடிக்கிறாள்.

நான் மாணவியாக இருந்தபோது இதைக் கற்புக்கு எடுத்துக்காட்டாகத்தான் நடத்தினார்கள். கணவனைப் பிரிந்து வாழ மறுத்த அரசி. தேர்விலும் அப்படித்தான் எழுதினேன். ஆசிரியையாகி, அதையே பல முறை நடத்திய பிறகுதான் அந்த உணவுப் பட்டியல் கண்ணில் பட்டது. அவள் காதலைப் பற்றி அதிகம் பேசவில்லை. சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றிப் பேசுகிறாள். கணவனை இழந்த பெண்ணுக்கு இந்த ஊர் என்ன போடும் என்று பொருள்வாரியாகச் சொல்கிறாள். அதைவிடத் தீ பரவாயில்லை என்கிறாள். ஆறிய சோறு அங்கே தண்டனை.

2024 ஜூலையில் இந்தப் பாட்டை நடத்த வேண்டி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். ஒரே வாரத்தில் அத்தனை பெண்களின் நெற்றி வெறுமையானது. எங்கள் கல்லூரிப் பேருந்து போகும் வழியிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். பாடத்திட்ட வரிசையில் 246 வந்தபோது கரும்பலகையில் எண்ணை எழுதிவிட்டுத் திரும்பினேன். யாரும் பேசவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள், "அம்மா, இப்ப அவங்களுக்கெல்லாம் என்ன சோறு போடுவாங்க?"

கொஞ்ச நாளைக்குச் சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள், அரசு உதவித்தொகை வரும் என்றெல்லாம் நான் சொன்னேன். அவள் கேட்டது அதையல்ல என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

என் அப்பா இறந்தபோது எனக்கு வயது எட்டு. அம்மாவுக்கு முப்பத்து மூன்று. தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமாக்கள், அத்தைகள், பிள்ளைகள் என்று பதினோரு பேர். அம்மாதான் அடுப்படி. விடிகாலையில் எழுந்து எல்லோருக்கும் சூடாக ஆக்கிப் போடுவாள். அவள் சாப்பிடுவது முந்தின ராத்திரி மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தது. யாரும் அவளை அதைச் சாப்பிடு என்று சொன்னதில்லை. தாத்தா நல்லவர். அத்தைகள்கூட, "அண்ணி, ஒரு தோசை வெச்சுக்கோங்க" என்பார்கள். ஆனால் அவள் சாப்பிட வரும் நேரத்தில் மாவு தீர்ந்திருக்கும். யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் நடந்துகொண்டிருந்தது.

வேலை கிடைத்ததும் அம்மாவை என்னோடு அழைத்துவந்தேன். முதல் சம்பளத்தில் பிரிட்ஜ், பிறகு மைக்ரோவேவ். இனிமேல் அம்மா சூடாகச் சாப்பிடுவாள் என்பது என் சபதம். அவள் ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். ஒரு நாள் காலையில் எனக்கு ஆத்திரம் வந்தது. சூடான இட்லி தட்டில் இருக்க, அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டிவிட்டேன். "இன்னும் அந்த வீட்டு வேலைக்காரியாவே இருக்கப்போறியா?" என்று கத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இட்லியைச் சாப்பிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பானையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

பெண்ணியம் படித்தவள் செய்த வேலை இது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் மாணவியின் ஊருக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலைச்சாலை ஏறுகிறது. கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். நீண்ட காலம் ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்தப் பிடி விட்டது.

மாணவியின் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பது இருக்கும். நான் ஆயா என்று கூப்பிட, அவர் டீச்சரம்மா என்றார். சாமையைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் சிரித்தார்.

"எங்களுக்குச் சோறுன்னா சாமைச் சோறுதான். அரிசி ஆக்குனா அதுக்குப் பேரு நெல்லுச்சோறு. தீவாளிக்கு, பொங்கலுக்கு."

இதை எழுதி வைத்துக்கொண்டேன். கீழ்நாட்டில் சோறு என்ற பெயரை அரிசி எடுத்துக்கொண்டது. மலையில் அடைமொழி தேவைப்பட்டது அரிசிக்குத்தான்.

சாமை உமி பிடிவாதமானது. நெல்லைப் போலச் சட்டென்று விடாது, மணியும் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெயிலில் காயவைத்து, ஏந்திரத்தில் இட்டுத் திரித்து, முறத்தில் புடைத்து, உரலில் இட்டுக் குத்தி, மறுபடி புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்களின் வேலை. கோழி கூவுவதற்கு முன்னால் உலக்கைச் சத்தம் தொடங்கிவிடும் என்றார் ஆயா. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். விரல்களின் அடியில் தோல் இன்னும் காய்த்துப்போய் இருந்தது. உலக்கையைத் தொட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்குமாம்.

நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் வள்ளைப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பெண்கள் உலக்கை போடும்போது பாடுவது. கலித்தொகையில் வருகிறது, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வருகிறது. தலைவனின் மலையையும் மூவேந்தரின் புகழையும் பாடுகிறார்கள். சந்தத்தின் அழகைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினேன். குத்தியவர்களின் கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பாடல்களிலும் அது இல்லை. பெரும்பாணாற்றுப்படை ஒன்றுதான் ஓரளவு நியாயம் செய்கிறது. எயினர் வீட்டுப் பெண்கள் பாரையால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுப்பதையும், நிலத்தில் பதித்த உரலில் குத்துவதையும், உவர்நீரில் உலையேற்றுவதையும் வேலை வேலையாகவே சொல்கிறது.

"இப்ப ஏன் ஆயா சாமை போடறதில்ல?"

"ரேசன் அரிசி வந்துச்சு. கை ஓஞ்சுது."

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டு ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையே இல்லை. அதைப் பற்றி ஊரில் கேலி பேசாதவர்கள் குறைவு. சோம்பேறி ஆக்கிவிட்டது என்பார்கள். எந்த வீட்டில் யாருடைய கை ஓய்ந்தது என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சாமை விளைந்த கொல்லைகளில் இப்போது மரவள்ளி நிற்கிறது. லாரியில் ஆத்தூர், சேலம் பக்கம் ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. ஹம்ஹங்காரர்கள் கிழங்கு மாவுக்குத் தங்கள் ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். ஜவ்வரிசிப் பாக்கெட்டில் கல்வராயன் மலையின் பெயரை நான் பார்த்ததில்லை.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கள் கல்லூரியிலும் விழா நடந்தது. சாமைப் பொங்கல், வரகு லட்டு, முன்னோர்களின் ஞானம் என்று பேச்சு. நானும்தான் பேசினேன். அந்த வருடம் மலைக்கும் யாரோ வந்து கூட்டம் போட்டிருக்கிறார்கள். சாமையை விடாதீர்கள், உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நல்லதுதான், எங்களுக்குத் தெரியாதா? சரி, யாரு குத்தறதுன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல. மிசினு வெச்சுக் குடுங்க, போடறோம்னேன்."

மாணவி உள்ளேயிருந்து கூழ் கொண்டுவந்தாள். ஆயா கையால் கரைத்துத் தந்தார். பச்சை மிளகாயும் வெங்காயமும். ஜனவரிக் குளிரில் மலைமேல் உட்கார்ந்து குளிர்ந்த கூழ் குடித்தேன். பதினோராம் மாதத்து நேங்மியோன் நினைவுக்கு வந்தது. கூழில் இருந்தது கேவுரு. அது கீழே கடையில் வாங்கிய மாவு என்று மாணவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரியில் விடைத்தாள் திருத்தச் சென்னை போனபோது ஒரு கொரிய உணவகத்தைத் தேடிப் போய் நேங்மியோன் சாப்பிட்டேன். சென்னையைச் சுற்றிக் கார் ஆலைகள் வந்த பிறகு கொரியர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கான கடைகளும் இருக்கின்றன. இழையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார்கள். மேசையில் கடுகு விழுதும் வினிகரும் இருந்தன, அளவு நம் விருப்பம். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. உப்பும் இல்லை, காரமும் இல்லை. மூன்றாவது வாயில் புளிப்பு மெல்ல வந்தது, பிறகு மேலே தூவியிருந்த எள். எனக்கு 246 ஞாபகம் வந்தது. ஆறிய மாப்பொருள், புளிப்பு, எள். பெருங்கோப்பெண்டு தீயைவிட மோசம் என்று தள்ளிய பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கிண்ணத்தில் இருந்தன. விலை கொடுத்து வாங்கி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பொருள்களில் குற்றம் இல்லை. அதைத் தவிர வேறெதுவும் உனக்கு இல்லை என்று சொல்வதில்தான் இருக்கிறது.

அதற்காகக் கொரியப் பெயரை அப்படியே கொண்டாடவும் மனம் வரவில்லை. நெம்புகோலை அழுத்திய ஆண் ஓவியத்தில் இருக்கிறான். தொங்சிமி போட்ட கை? குளிர்காலத்துக்கு முன் குடும்பத்துக்கே கிம்ச்சி போடும் வேலை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தலையில் இருந்தது. கிம்ஜாங் என்ற அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. பண்டிகை நாட்களில் மாமியார் வீட்டு அடுப்படியில் நின்று மருமகள்களுக்கு வரும் உடல்வலிக்கும் மனவலிக்கும் 'பண்டிகை நோய்' என்றே கொரிய மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் உயர்ந்தால் கை ஓய்ந்துவிடாது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல்நோய்க்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நட்சத்திர விடுதிகளில் மண்சட்டியில் வைத்துப் பரிமாறுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயாவின் கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

சென்னையிலிருந்து திரும்பிய அன்று அம்மாவிடம் சொன்னேன், பனிக்கட்டி போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டேன், பழையது போலத்தான் இருந்தது என்று. "எவ்வளவு?" என்றாள். விலையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு உன் பழையதை நான் கொட்டினேன்ல. உனக்கு அது நெஜமாவே பிடிக்குமா? இல்ல, பழகிப் போச்சா?"

அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சூடா ஆக்குனது எல்லாருக்கும் பொது. ஆறிப்போறதுக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் போடணும், ஓடிட்டே இருக்கணும். பழையது அப்படியில்ல. எல்லாரும் போனப்பறம் கிண்ணத்த எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போயிடுவேன். அரை மணி நேரம் உக்காந்திருப்பேன். பழையது தின்னுட்டிருக்கான்னா ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. எப்ப சாப்புட்டாலும் அது அப்படியேதான இருக்கும்."

பிடிக்குமா, பழகியதா என்ற என் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீடு அவளுக்கு விட்டுவைத்தது மிச்சம்தான். அந்த மிச்சத்துக்குள் அவள் அரை மணி நேரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் தொட்டியில் கொட்டியது அதையும் சேர்த்துத்தான்.

மாணவிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவள் துறை அறைக்கு வந்தபோது, உங்கள் ஆயா கரைத்துத் தந்ததற்கு நீ ஒரு பெயர் வை என்றேன். யோசித்துவிட்டு வந்து, ஆயாவிடம் போனில் கேட்டதாகச் சொன்னாள்.

"ஆயா திட்டுதும்மா. பேரெல்லாம் கெடக்கட்டும், நீ வந்து ஒரு நாளு கேவுரு மாவு துழாவுங்குது."

இந்த வாரம் ஊருக்குப் போகிறாளாம். இன்று ராத்திரி எங்கள் வீட்டில் சோறு மிஞ்சியது. அம்மாவுக்கு முழங்கால் வலி, சீக்கிரம் படுத்துவிட்டாள். நானே தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி வைத்தேன். இரண்டு பேருக்குக் காணும்.